ஸ்பிரிங் கத்தி உங்களுக்கே இருக்கட்டும்

போன தீவாளிக்குச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த நண்பர், ஊருக்குக் கிளம்பும்போது என் கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைத் திணித்துவிட்டுப் போனார். "அண்ணாச்சி, தோட்டத்துல உங்களுக்கு உபயோகப்படும்" என்றார். பிரித்துப் பார்த்தால் மடக்குக் கத்தி. கருப்பு என்றால் அட்டக் கருப்பு. முதுகில் ரம்பப் பல்லு. பிடியின் அடியில் கார் கண்ணாடியை உடைக்க ஒரு கூர்முனை, பக்கத்தில் சீட் பெல்ட்டை அறுக்க ஒரு கொக்கி. பக்கவாட்டில் இருக்கிற பொத்தானை அமுக்கினால் 'சடக்'கென்று அலகு வெளியே பாயும். பில்லை எடுக்க மறந்திருந்தார். 3,200 ரூபாய்.

என்னிடம் கார் கிடையாது. இருப்பது ஒரு பழைய மொபெட். அதுக்குக் கண்ணாடியும் இல்லை, பெல்ட்டும் இல்லை.

இதை அவர் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகணும். ஏன்னா இது ஒரு கத்தியைப் பத்தின பேச்சு மட்டும் இல்ல. பட்டணத்திலிருந்து வருகிற ஆட்களில் பாதிப் பேர் என் மடியில் இருக்கிற கத்தியைப் பார்த்ததும் ரெண்டடி பின்னால் போகிறார்கள். மீதிப் பேர் "ஒரு நல்ல கத்தி வாங்கணும் அண்ணாச்சி" என்று போனை நீட்டி, மிலிட்டரிக்காரன் இடுப்பில் இருப்பது மாதிரியான படங்களைக் காட்டுகிறார்கள். முதல் கூட்டத்துக்குக் கத்தின்னா கொலை. ரெண்டாவது கூட்டத்துக்குக் கத்தின்னா நகை. ரெண்டு கூட்டமும் கத்தியை வைத்து ஒரு எலுமிச்சங்காயைக்கூட நறுக்கியதில்லை என்பதுதான் விஷயம்.

ஒரு விவசாயிக்கு மடக்குக் கத்தி எதுக்கு, அருவாதான் இருக்கேன்னு கேட்பீர்கள். எங்களுக்குப் புளியங்குடிப் பக்கம். எலுமிச்சையும் கொஞ்சம் வாழையும். அருவா வாழை வெட்ட, முள்ளு வெட்ட, தேங்காய் உரிக்க. ஆனா ஒரு நாளைக்கு நான் செய்கிற வெட்டு வேலையில் முக்கால்வாசி சின்ன வேலை. உரச்சாக்குத் தையல் நூலை அறுக்கணும். சொட்டுநீர்க் குழாயை நேராக அறுத்தால்தான் இணைப்பான் சரியாக உட்காரும். வாழை நாரைக் கிழிக்கணும். எலுமிச்சையில் அடியிலிருந்து கிளம்பும் போத்தைச் சீவணும். மாட்டுத் தும்பு முடிச்சு இறுகினால் வெட்டணும். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து வெள்ளரிக்காயைக் கீறி உப்புத் தொட்டுத் தின்னணும். இதுக்கெல்லாம் அருவாவைத் தூக்குவது, கொசு அடிக்க உலக்கையை எடுக்கிற கதை. அதோட, அருவாவை மடியில் கட்டிக்கிட்டு பஸ்ஸில் ஏற முடியாது.

சரி, அந்தக் கருப்புக் கத்திக்கு வருவோம். ஓசியில் வந்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. பழைய கத்தியை மாடத்தில் வைத்துவிட்டு, புதுசை டவுசர் பையில் போட்டுக்கொண்டு பத்து நாள் திரிந்தேன். முதல் ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்தது. பொத்தானை அமுக்கி அமுக்கி, பேரப்பிள்ளைகளிடம் வித்தை காட்டினேன். வீட்டுக்காரி மட்டும் "என்ன, புதுப்படத்துல வில்லனா நடிக்கப் போறியளா" என்றாள்.

பதினோராவது நாள் ராத்திரி நல்ல மழை. ஐப்பசி மழை எங்க பக்கம் எப்படி அடிக்கும்னு தெரிந்தவர்களுக்குத் தெரியும். தொழுவத்தில் கன்னுக்குட்டி கத்துகிற சத்தம் வேற மாதிரி கேட்டது. டார்ச்சை அடித்துக்கொண்டு ஓடினால், கன்னு இடிக்குப் பயந்து துள்ளி, நைலான் கயிறு முளைக்குச்சியைச் சுத்தி, அதோட கழுத்தையும் ரெண்டு சுத்து சுத்தி இறுக்கியிருந்தது. நாக்கு வெளியே. கண்ணு செருகிக்கொண்டு போகிறது. நனைந்த நைலான் முடிச்சைக் கையால் அவிழ்க்கவே முடியாது. ஒரு கையால் கன்னின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கத்தியை எடுத்துப் பொத்தானை அமுக்கினேன். அலகு பாதி வந்து நின்றுவிட்டது. இன்னொரு தடவை அமுக்கினேன். அப்படியே நிற்கிறது. பகல் பூரா வாய்க்காலில் வேலை செய்த டவுசர், பை நிறைய மண்ணு. அந்த மண்ணு பொத்தான் இடுக்கு வழியே உள்ளே போய் ஸ்பிரிங்கில் அடைந்திருக்கிறது. விரலால் பிடித்து இழுக்கலாம் என்றால், அந்த மாதிரிக் கத்தியில் அலகைப் பிடிக்க நகம் நுழைகிற பள்ளமே கிடையாது. அவர்கள்தான் ஸ்பிரிங் இருக்கு என்று நம்பிவிட்டார்களே.

வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து அருவாமனையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடி வந்தாள். அவள் அதைக் காலால் மிதித்து நிற்க, நான் கயிறை அந்த வாயில் கொடுத்து அறுத்தேன். காய் நறுக்குகிற அருவாமனை. கன்னு பிழைத்துக்கொண்டது. கழுத்தைச் சுத்தி முடி கொட்டின தடம் இன்னும் இருக்கு. 3,200 ரூபாய்க் கத்தி அன்றைக்குச் செய்த ஒரே வேலை, என் கட்டைவிரல் நகத்தைப் பேர்த்ததுதான்.

இதில் கத்திக் கம்பெனிக்காரனை நான் குறை சொல்லவில்லை. அவன் கார்க்காரனுக்கு, மேசைக்காரனுக்குச் செய்தான். என் சண்டை, "வேகமாத் திறக்கும்" என்பதை ஒரு பெரிய தகுதியாக நினைக்கிற புத்தியோட. கையால் திறக்கிற கத்தியைத் திறக்க எனக்கு ரெண்டு நொடி ஆகும். மண்ணு புகுந்தாலும் நாலு நொடி. இந்த ரெண்டு நொடியை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்? விவசாயத்தில், சமையலில், பயணத்தில், பார்சல் பிரிப்பதில், ரெண்டு நொடியில் திறந்தே ஆகவேண்டிய வெட்டு எது என்று எனக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. அந்த ரெண்டு நொடி ஒரே ஒரு வேலைக்குத்தான் முக்கியம். அந்த வேலையைச் செய்கிறவன் இதைப் படிக்கப் போவதில்லை.

அதனால்தான் அமெரிக்காவில் 1958லேயே பொத்தான் கத்திகளுக்கு எதிராகச் சட்டம் வந்தது. அடுத்த வருசமே இங்கிலாந்திலும் வந்தது. நம்ம ஊரில் கதை வேற மாதிரி. உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர் என்று ஒரு ஊர். நவாப் காலத்திலிருந்து மடக்குக் கத்திக்குப் பேர் போனது. இந்திப் படங்களில் ரவுடி வந்தால் கையில் ராம்பூரிக் கத்திதான் இருக்கும். அப்படியே அந்தக் கத்திக்கு ரவுடிப் பேர் விழுந்தது, கட்டுப்பாடு வந்தது, பட்டறைகள் தேய்ந்தன. இப்போ 2023இல் அந்த ஊர் நடுவில் இருபதடி உயரத்தில் ஒரு கத்தியைச் செய்து நட்டு வைத்திருக்கிறார்கள். நமக்குத் திருப்பாச்சேத்தி. சிவகங்கை மாவட்டத்துக் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக வாழை வெட்டவும் விறகு வெட்டவும் அடித்த அருவாவை, சினிமா எடுத்து ஆளை வெட்ட வைத்தது. 2005இல் படத்துக்கே ஊர் பேரை வைத்தார்கள். இன்றைக்கு ஒரு பையன் புது அருவாவைப் பேப்பரில் சுத்தி வீட்டுக்குக் கொண்டுபோனால், அவன் கையில் இருப்பது வேலைக்கான சாமானா, வேற எதுக்கானதா என்று எல்லாருக்கும் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தின் விலையை என் அக்கா மகன் கொடுத்தான். மாப்ளைக்கு 22 வயசு. என் கருப்புக் கத்தியைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே ஜாதியில் ஒன்றை ஆன்லைனில் 600 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தான். சொட்டுநீர் சாமான் வாங்க டவுனுக்குப் போகும்போது ஒரு வாகனச் சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். "விவசாயத்துக்குத்தான் சார்" என்று அவன் சொல்ல, "இதை வச்சு எந்தப் பயிரை அறுப்ப?" என்று கேட்டிருக்கிறார் ஒருத்தர். எனக்குக் கோபம் வந்தது. ஆனா கேள்வி நியாயமான கேள்விதானே என்று பிறகு யோசித்தேன். முதுகில் ரம்பம் வைத்த பொத்தான் கத்தியைக் காட்டி, இது எலுமிச்சை போத்துச் சீவ என்றால் நானே நம்ப மாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1959ஆம் வருசத்து ஆயுதச் சட்டமும், 2016இல் வந்த விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளம், இல்லாவிட்டால் 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகளைத்தான் ஆயுதக் கணக்கில் கொண்டுவருகின்றன. அதிலும் வீட்டு வேலைக்கு, விவசாயத்துக்கு, தொழிலுக்கு என்று செய்ததுக்கு விலக்கு உண்டு. என் மடக்குக் கத்தி அலகு மூணு அங்குலம். கணக்குப்படி நான் தப்பில்லை, மாப்ளையும் தப்பில்லை. ஆனா ரோட்டில் நிற்கிற ஏட்டையா அளவுநாடாவைப் பார்ப்பதுக்கு முன்னாடி உருவத்தைப் பார்ப்பார். மரப்பிடி போட்ட, நகத்தால் திறக்கிற சின்னக் கத்தியைப் பார்த்தால், "வெத்தலைக்கா பெரியவரே?" என்று சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். எனக்கு அப்படி ரெண்டு தடவை நடந்திருக்கு. ஏர்போர்ட், மெட்ரோ, கோர்ட்டு, கூட்டம் கூடுகிற இடம், இங்கெல்லாம் எந்தக் கத்தியும் கொண்டு போகாதீர்கள், மூணு அங்குலமானாலும். அதுக்கு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். "எதுக்கு அண்ணாச்சி கத்தி? கட்டர் போதுமே" என்கிறவர்கள். ஸ்டேஷனரிக் கடையில் தொங்குமே, பிளாஸ்டிக் கூட்டுக்குள் கோடு கோடாகப் போட்ட பிளேடு, மழுங்கினால் முனையை ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்த துண்டை நீட்டிக்கொள்ளலாம். 20 ரூபாய். இதைப் பத்தி எழுத எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும். ஆனாலும் எழுதுகிறேன்.

ஆறு வருசத்துக்கு முன்னால் எங்களிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. மூணாவது ஈத்து. நேரத்துக்கு ஏழு லிட்டர் கறக்கும். ஒரு மாசி மாசம் தீனி எடுக்கிறது குறைந்தது. முதுகை வில்லு மாதிரி வளைத்து நிற்கும். படுக்கத் தயங்கும். சரிவில் இறங்கச் சொன்னால் முனகும். செரிமானக் கோளாறு என்று நினைத்து இஞ்சியும் பெருங்காயமும் கொடுத்தோம். பத்து நாளில் கழுத்துக்குக் கீழே தாடை நீர் கோத்துத் தொங்க ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் வந்து தோளுக்குப் பக்கத்தில் குத்திப் பார்த்துவிட்டு, "இரும்பு முழுங்கியிருக்கு" என்றார்.

மாடு நம்மள மாதிரி மென்று பார்த்து முழுங்காது. நாக்கால் சுழற்றி வாரி உள்ளே தள்ளும், அப்புறம்தான் அசைபோடும். தீனியில் கிடக்கிற ஆணி, கம்பி எல்லாம் போய் ரெண்டாவது இரைப்பையில் தங்கும். அதுக்கும் இதயத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய தடுப்புச் சதைதான். இரைப்பை ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். சரியான நேரத்தில் தெரிந்தால் காந்தத்தை முழுங்க வைத்துப் பிடித்து நிறுத்தலாம். எங்களுக்கு நேரம் தாண்டியிருந்தது. செத்த பிறகு அறுத்துப் பார்த்தபோது இருந்தது, கோடு போட்ட சின்னத் தகடு ஒன்று. கட்டர் பிளேடின் ஒடிந்த முனை. வைக்கோல் கட்டுக் கயிறை அறுக்க யாரோ ஒரு வேலையாளிடம் கட்டரைக் கொடுத்திருந்தேன். 'யாரோ' என்று எழுதுவது பொய். கொடுத்தது நான். முனையை ஒடித்து அப்படியே போட்டவனும் நானாக இருக்கலாம்.

ஒடித்து எறியுறதுக்கென்றே செய்த சாமானுக்கு எங்கள் பிழைப்பில் இடமில்லை. உங்கள் வீட்டிலும்தான். குப்பைப் பையில் நீங்கள் போடுகிற அந்தத் துண்டை, ஒருத்தர் வெறுங்கையால் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

அப்போ எதைத்தான் வாங்குவது? என் கையில் இருப்பதைச் சொல்கிறேன். வாரச்சந்தையில் இரும்புச் சாமான் விரிக்கிற ஒரு பெரியவரிடம் நாலு வருசத்துக்கு முன்னால் 180 ரூபாய்க்கு வாங்கியது. மரப்பிடி. மூணு அங்குல அலகு, சாதா கரி இரும்பு, அதாவது துருப்பிடிக்கிற எஃகு. முதுகில் நகம் நுழைகிற பள்ளம். பிடிக்குள்ளே முதுகுப்பக்கம் ஒரு பட்டைச் சுருள். அது அலகைத் தானாகத் திறக்காது, திறந்த இடத்திலும் மடக்கிய இடத்திலும் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். இதுக்குப் பூட்டு கிடையாது. அதனால் ஒரு குறை உண்டு: முனையால் குத்தித் துளை போட்டால் அலகு மடங்கி விரலில் இறங்கும். என் வலதுகை ஆள்காட்டி விரலில் அதுக்கு ஒரு சாட்சி இருக்கு. தென்னந்தடுக்கில் ஓட்டை போடப் போனது என் புத்தி. அது கத்தி செய்கிற வேலை இல்லை, ஆணி செய்கிற வேலை.

கடையில் நின்றுகொண்டு பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். திறந்து, அலகு முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். மடக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முனை முழுசாகப் பிடிக்குள் அடங்குதா என்று. ஒரு மயிரளவு வெளியே நீட்டினாலும் பையும் கிழியும் தொடையும் கிழியும். மூடும்போது 'டக்'கென்று ஒரு கெட்டிச் சத்தம் வரணும். பிடி உங்கள் உள்ளங்கையை நிறைக்கணும், அலகு நாலு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். ஒரு சின்னக் காந்தம் இருந்தால் அலகில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் நல்ல எஃகு என்று அர்த்தமில்லை, ஆனா ஒட்டவே இல்லை என்றால் அது கரண்டி செய்கிற தகடு, என்ன தீட்டினாலும் கூர் நிற்காது. ரம்பப்பல் வைத்ததைத் தொடவே தொடாதீர்கள், அதை வீட்டில் தீட்ட முடியாது. பிறகு அந்த 'டமாஸ்கஸ்'. அலை அலையாகக் கோடு போட்ட அலகைக் காட்டி ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். பழைய டமாஸ்கஸ் வாளுக்கான உருக்கு நம்ம தென்னாட்டிலிருந்து போனது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் கொடுமணலில் உருக்கு செய்ததுக்கான தடயங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த உருக்கில் கோடு தானாக விழும். இப்போ மலிவு விலைக்கு வருவதில் பாதி, சாதாத் தகட்டு மேல் கோலம் போட்டது. நாம ஏத்துமதி பண்ணின பேரை நம்மகிட்டயே திருப்பி விக்கிறான்.

பூட்டு வேண்டும், பயமாயிருக்கு என்கிறவர்களுக்குப் பிரான்சில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சவோய் மலைப்பக்கம் 1890இல் ஜோசப் ஒப்பினெல் என்கிற கொல்லர் மகன் செய்த கத்தி. குடியானவர்களுக்குச் செய்தது. ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி. 1955இல் அதில் ஒரு வளையத்தைச் சேர்த்தார்கள். திறந்த பிறகு வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது. ஸ்பிரிங் இல்லை, மண்ணு போனாலும் தட்டினால் கொட்டிவிடும். எட்டாம் நம்பர் நம்ம கைக்குச் சரியாக இருக்கும், அலகு எட்டரை சென்டிமீட்டர். மழைக்காலத்தில் மரம் ஊதி அலகு இறுகிக்கொள்ளும், அது உண்மை. அதுக்கு அந்த ஊர்க்காரர்கள் பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டி, தலைநீட்டுகிற அலகை எடுக்கிறார்கள். குறையைக்கூட கையாலேயே சரிபண்ணிக்கொள்ளலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. இறக்குமதியாகி வரும்போது விலை ஏறிவிடுகிறது. இருந்தாலும் என் நண்பர் கொடுத்த விலைக்குப் பக்கத்தில் வராது. சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தியும் நல்ல கத்திதான், 1891இலிருந்து அந்த நாட்டுப் பட்டாளத்துக்குப் போவது. ஒரு அலகு, ரெண்டு அலகு உள்ள சின்னதாக வாங்குங்கள். முப்பது சாமான் உள்ளதை வாங்கினால் அதில் இருபத்தெட்டு துருப்பிடிக்காமல் புதுசாகவே இருக்கும். போலிகள் ஏராளம், கடையைப் பார்த்து வாங்குங்கள்.

கரி இரும்பு துருப்பிடிக்குமே என்று முகம் சுளிப்பீர்கள். பிடிக்கும்தான். துடைத்து வைத்தால் பிடிக்காது. எலுமிச்சை நறுக்கின முதல் நாள் என் கத்தி நீலம் பாரித்தது. வாழைக்கறை பட்டு அப்புறம் சாம்பலும் கருப்புமாக ஒரு நிறத்துக்கு வந்தது. அந்தக் கருப்பு ஒருவிதத் தோல். அது படிந்த பிறகு துரு அவ்வளவு சீக்கிரம் ஏறுவதில்லை. ராத்திரி வேட்டி முனையில் துடைத்து, ஆணி இருக்கிற இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். முடிந்தது.

தீட்டுவதுதான் எல்லாத்தையும்விட முக்கியம், ஆனா கத்தி வாங்குகிறவர்கள் யாரும் அதைப் பத்திக் கேட்பதே இல்லை. மழுங்கின கத்திதான் கையை வெட்டும், ஏன்னா அமுக்க வேண்டியிருக்கும், அமுக்கினால் வழுக்கும். எங்க ஊர்ப் பனையேறிகள் பாளை அருவாவைத் தீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பலகை, அதுமேல் வெங்கச்சங்கல்லை இடித்த பொடி, அவ்வளவுதான். அந்த வாயில் ஒரு முடியை வைத்து ஊதினால் ரெண்டாகும். நான் பம்புசெட்டுத் தொட்டி ஓரத்தில் ஒரு சாணைக்கல்லைப் பதித்திருக்கிறேன். உங்கள் ஃபிளாட்டில் கல் இல்லையா? பீங்கான் டீக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொர வளையம் இருக்கும். அதுவே கல்தான். எவ்வளவு சாய்ப்பது? ஒரு காகிதத்தின் மூலையை ரெண்டு தடவை பாதி பாதியாக மடியுங்கள். அந்தக் கோணத்தைவிடக் கொஞ்சம் கம்மி. ரெண்டு பக்கமும் அதே சாய்ப்பில், அவசரப்படாமல் பத்துப் பத்துத் தடவை. ஞாயித்துக்கிழமை காபி குடிக்கிற நேரம். முதல் மூணு தடவை கெடுப்பீர்கள். 180 ரூபாய்க் கத்தியைக் கெடுத்தால் என்ன? 3,200 ரூபாய்க் கத்தியைத் தீட்டத்தான் உங்களுக்குக் கை வராது. வாங்கின அன்றைக்கு இருந்த கூரோட அது அலமாரியில் முடிந்துபோகும்.

பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று போன தடவை வந்த ஒரு அம்மா கேட்டார்கள். என் பேரன் ஒன்பது வயசில் வெள்ளரிக்காய் கீறுவதைப் பார்த்துவிட்டு அவர்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஜப்பானில் வேலை பார்க்கிற என் சித்தப்பா மகன் ஒரு கத்தி கொண்டுவந்து கொடுத்தான். 'ஹிகோனோகாமி' என்று பேர். ஒரே தகட்டை மடக்கினது பிடி, அலகின் வாலில் ஒரு சின்ன நெம்புகோல், அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வெட்டணும். பூட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. ஒரு காலத்தில் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையில் இதுதான் இருக்குமாம், பென்சில் சீவ, மூங்கிலில் பொம்மை செய்ய. 1960இல் டோக்கியோவில் அசனுமா என்கிற அரசியல் தலைவரை ஒரு 17 வயசுப் பையன் மேடையிலேயே குத்திக் கொன்றுவிட்டான். குத்தினது குட்டை வாள். அதுக்கப்புறம் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று ஒரு இயக்கம் கிளம்பி, பென்சில் சீவுகிற கத்தியைப் பிடுங்கினார்கள். மிகி என்கிற ஊரில் வரிசையாக இருந்த பட்டறைகள் தேய்ந்துபோயின.

என் தாத்தா எனக்கு ஏழு வயசில் கத்தியைக் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது ரெண்டே விசயம் சொன்னார். உன் பக்கமா இழுத்து வெட்டாத. இன்னொருத்தன் கையில கொடுக்கும்போது மடக்கிக் கொடு. அன்றைக்கே விரலை வெட்டிக்கொண்டேன். ஆச்சி மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு அவரைத் திட்டித் தீர்த்தாள். அவர் கத்தியைத் திருப்பி வாங்கவில்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர்கள் பையன் பக்கத்தில் உட்கார்ந்து போனில் எதிரிகளை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தான். அந்த வாள் நாலடி இருக்கும்.

தம்பி, தைக்கு வாறதா சொல்லியிருக்கீங்க. வாங்க, எலுமிச்சை காய்ப்பு நல்லாயிருக்கு. உங்க கருப்புக் கத்தியில் மண்ணைக் கழுவி, பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கேன், பில்லும் உள்ளேதான் இருக்கு. போகும்போது எடுத்துக்கிடுங்க. வெள்ளிக்கிழமை வந்தீங்கன்னா சந்தைக்குப் போகலாம். அந்தப் பெரியவருக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியல, மகன்தான் விரிக்கிறான். அவன் 220 சொல்றான். 200க்குக் கேட்டு வாங்கித் தாறேன்.